ஜாமீன்காரி

"ஊதுங்க" என்றாள் மாரிக்கனி.

பாண்டிச்செல்வம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே குனிந்து, அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து மூச்சை விட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். பற்பசை வாசனை, அதற்கு அடியில் முந்தின நாள் பூண்டுக் குழம்பு. வேறொன்றும் இல்லை. இருந்தாலும் மனசு ஆறவில்லை.

"இன்னொரு தடவ."

"அதான் ஊதியாச்சுல்ல."

"கேட்டுல வச்சு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா? ஊதுங்க."

இந்தத் தடவை அவன் கோபத்தோடு ஊதினான். எச்சில் அவள் கன்னத்தில் தெறித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று தலை பின்னிக்கொண்டிருந்த மகள் கார்த்திகா பாதிப் பின்னலோடு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. யாரும் அவளை வெளியே போகச் சொன்னதில்லை. இந்த வேளை வந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்று தானாகவே பழகிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் நடந்தது ஒத்திகைதான். நிஜப் பரீட்சை கேட்டில்.

ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகும் ரோட்டில் இருந்தது அந்தத் தறி செட். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற இடம். முன்பொரு முறை குடித்துவிட்டு வந்த ஒருவன் தறியில் கையைக் கொடுத்துவிட்டான் என்று முதலாளி பயந்துபோய் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். குடித்துக் கெட்டவன் என்று பேரெடுத்த ஒருவனுக்கு அங்கே வேலை வேண்டுமானால் அவன் பொண்டாட்டி ஜாமீன் நிற்க வேண்டும். கையெழுத்து, காகிதம் எதுவும் கிடையாது. தினமும் காலையில் புருஷனோடு வந்து கேட்டில் நிற்க வேண்டும். மேஸ்திரி மொக்கைச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். புருஷன் பொண்டாட்டி முகத்தில் ஊத வேண்டும். அவள் மோந்து பார்த்து, "நல்லாருக்காவ" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். என்றைக்காவது பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அவனுக்கும் வேலை இல்லை, ஊருக்குள் அவள் வாய்ச்சொல்லுக்கும் மதிப்பில்லை.

மொக்கைச்சாமி தானாக யாரையும் மோந்து பார்த்ததில்லை. கண்டவன் வாயில் மூக்கை வைக்க அவருக்கு என்ன தலையெழுத்தா.

அன்றைக்கும் அப்படித்தான். சைக்கிளில் வந்து இறங்கும் ஆட்கள், டிபன் தூக்கோடு நடந்து வரும் பெண்கள், பால்காரன், எல்லோரும் பார்க்க பாண்டிச்செல்வம் குனிந்தான், ஊதினான். கல்யாணமான புதிதில் இதே மனுஷன் கொய்யாப்பழத்தைக் கடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து அவள் காதில் ஏதோ சொன்ன ஒரு மத்தியானம் மாரிக்கனிக்கு ஞாபகம் இருந்தது. அந்த வாசனையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அதே மூச்சைப் பற்றி ரோட்டில் நின்று தினமும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"நல்லாருக்காவ" என்றாள்.

"சத்தமாச் சொல்லுத்தா. செட்டுக்குள்ள தறி ஓடுதுல்ல."

"நல்லாருக்காவ."

அவன் உள்ளே போய்விட்டான். அவளுக்கு அடுத்து ஆனந்தவல்லி நின்றிருந்தாள், தன் புருஷன் சின்னக்கருப்பனோடு. ஜாமீன்காரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. மாரிக்கனி திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகத் தன் வேலைக்குப் போனாள். அவள் வேலை இன்னொரு கோடவுனில், பேண்டேஜைச் சுருட்டி உறையில் போடுவது. அங்கேயும் அதே நேரத்துக்குத்தான் வேலைச் சங்கு. தினமும் தாமதமாகப் போய்ப் போய், உட்கார்ந்து சுருட்டுகிற இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. இப்போது அவள் நின்றுகொண்டு பெட்டி தூக்குகிறாள்.

பாண்டிச்செல்வம் குடித்ததால் வேலை போனது என்றுதான் தெருவில் பேச்சு. நடந்தது அதற்கு நேர்மாறு. மீசை முளைத்த நாளிலிருந்து அவன் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவன். மில் ஆட்குறைப்பு செய்தது, பிறகு ஒரு ஷிப்டை நிறுத்தியது, பிறகு கேட்டையே சாத்தியது. மறுநாள் காலையில் ஊரிலுள்ள மற்ற மில்களின் சங்கு ஊதியபோது அவன் வழக்கம்போல் எழுந்து குளித்துச் சட்டை போட்டுக்கொண்டான். அதன்பிறகு எங்கே போவதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் டீக்கடையில் உட்கார்ந்தான். டீக்கடையில் எவ்வளவு நேரம்தான் உட்கார முடியும். ஒயின்ஷாப் பாரில் உட்கார்ந்தால் யாரும் எழுந்து போ என்று சொல்வதில்லை.

முதலில் சாயங்காலம், பிறகு மத்தியானம், கடைசியில் காலைச் சங்கு ஊதும்போதே கை நடுங்க ஆரம்பித்தது.

அண்ணன் ஜெயபாண்டிதான் குடும்பத்துக்குப் பெரியவர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், பக்கத்து வீடு. அவர் தம்பியை மலையடிவாரக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்லி, கையில் கயிறு கட்டிக் கூட்டி வந்தார். அன்றோடு ஒரேயடியாக நிறுத்தினான். மூன்றாம் நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று நகத்தால் சுரண்டினான். சாமி குத்தம் என்று சொல்லி, பூசாரியைக் கொண்டு கயிற்றை அவிழ்த்தார்கள். ஜெயபாண்டியே ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். நடுக்கம் நின்றது. அவ்வளவுதான், சத்தியத்தை மீறியவன் என்கிற பேரும் சேர்ந்துகொண்டது. அடுத்த வாரம் கார்த்திகாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, "பெத்த பிள்ளைய வச்சுச் சத்தியம் பண்ணிக் குடிச்சா பின்ன என்ன ஆகும்" என்று ஜெயபாண்டி வாசலில் நின்று சொன்னார். தானே ஊற்றிக் கொடுத்ததை மறந்துவிட்டார். அன்றிலிருந்து பாண்டிச்செல்வம் மகள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டே இன்னும் அதிகமாகக் குடித்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கென்று ஒரு மாடியறை இருப்பதைக் கோடவுனில் ஒரு பெண்தான் மாரிக்கனிக்குச் சொன்னாள். அதை ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தியது. கீழே செருப்புக்கடை, மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி. வேலை இல்லாத, குடியை விட முடியாத ஆட்கள் வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து பேசுவார்கள். பர்வீன் என்கிற இளம்பெண் அதைப் பார்த்துக்கொண்டாள். எப்போதும் களைத்த முகம். முதல் நாளே பாண்டிச்செல்வம், "இனிமே தொட மாட்டேன் மேடம், சத்தியமா" என்றான்.

"சத்தியமெல்லாம் வேண்டாம்ணே" என்றாள் பர்வீன். "எந்த நேரத்துல குடிக்கணும்னு தோணுது, அதச் சொல்லுங்க."

அவனிடம் அதை யாரும் கேட்டதில்லை. யோசித்துவிட்டுச் சொன்னான். "சங்கு ஊதுறப்போ."

எறும்பு ஊர்ந்த கதையைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. இவ்வளவு குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, அது சாமி குத்தமில்லை, உடம்பு கேட்பது என்று மாரிக்கனிக்கு விளக்கினாள். ஆஸ்பத்திரியில் சேர்க்க ஏற்பாடு செய்தாள். நடுக்கம் அடங்க மருந்து கொடுத்து, டாக்டர் பார்த்து, படிப்படியாக வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு மாத்திரை, வாராவாரம் அந்த மாடியறை. சங்கு ஊதும் நேரத்தில் வீட்டில் உட்காராதீர்கள், எதையாவது கழற்றி மாட்டுங்கள் என்றாள் பர்வீன். அவன் தெருவிலுள்ள தையல் மிஷின்களையும் கிரைண்டர்களையும் இலவசமாகவே ரிப்பேர் பார்த்தான். இடையில் இரண்டு தடவை சறுக்கினான். இரண்டு தடவையும் மாடியறைக்குப் போய்ச் சொன்னான். அங்கே யாரும் திட்டவில்லை. எதனால் என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

உடம்பு தேறியதும் தறி செட்டில் வேலை வாங்கிக் கொடுத்தது ஜெயபாண்டிதான். அதை மறுக்க முடியாது. மிலிட்டரி கேன்டீன் ரம் இரண்டு பாட்டிலோடு போய் மொக்கைச்சாமியைப் பார்த்து முடித்துவிட்டு வந்தார். "எம்புட்டுச் செலவு தெரியுமா ஒனக்காக" என்று தம்பியிடம் சொல்லிக் காட்டினார்.

மாடியறைக்கு உண்மை வேண்டும். கேட்டுக்கு "நல்லாருக்காவ" மட்டும்தான் வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பழைய மில் ஆட்களோடு உட்கார்ந்துவிட்டு வந்தான். திங்கட்கிழமை காலையில் மாரிக்கனி மோந்து பார்த்துவிட்டு, பாயை விரித்து அவனைப் படுக்கச் சொன்னாள். கேட்டுக்குத் தனியாகப் போய், காய்ச்சல் என்றாள். சொல்லும்போது மொக்கைச்சாமியின் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

இதைக் கேள்விப்பட்ட பர்வீன் ஒரு நாள் தறி செட்டுக்கே வந்தாள். வாயில் ஊதிப் பார்க்கும் மெஷினை நாங்களே வாங்கித் தருகிறோம், வீட்டுப் பெண்களைக் கேட்டில் நிற்கவைக்க வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தாள். மொக்கைச்சாமி மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"மெஷினுக்கெல்லாம் பயப்பட மாட்டானுவ மேடம். பொண்டாட்டி மானத்துக்குத்தான் பயப்படுவானுவ."

அந்த மரியாதையான பதிலோடு பர்வீன் பஸ் ஏறினாள்.

ஐப்பசி நெருங்கியபோது அவள் இன்னொன்று கேட்டாள். ஆயுத பூஜைக்கு செட்டில் என்ன செய்வார்கள்?

பாண்டிச்செல்வம் சிரித்தான். அந்த வட்டாரத்தில் எந்தத் தறி செட்டிலும் செய்வதுதான். தறிகளைத் துடைத்து எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்துச் சூடம் காட்டுவார்கள். பிறகு முதலாளி ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தன் கையால் பை கொடுப்பார். பொரி, கடலை, பழம், ஒரு ஸ்வீட் பெட்டி. பெண்களுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம். ஆண்களுக்குச் செய்தித்தாளில் சுற்றி ஒரு குவார்ட்டர்.

"ஒங்களுக்கும் குடுப்பாங்களா?"

"எல்லாருக்கும் உண்டு மேடம்."

"அன்னைக்கு லீவு போட முடியாதாண்ணே?"

அதற்கு மாரிக்கனி பதில் சொன்னாள். பூஜையன்று தன் தறிக்குச் சூடம் காட்டும்போது பக்கத்தில் நிற்காதவனுக்குப் பிறகு அந்தத் தறி கிடையாது. சாமிக்குச் செய்யும் அவமரியாதை என்பார்கள். குடும்பத்தோடு வர வேண்டும் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள்.

பர்வீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு அந்த மாடியறையில் இருந்தவர்களையே ஆளுக்கொரு வேஷம் போடச் சொன்னாள். ஒருவர் முதலாளி, ஒருவர் மேஸ்திரி. பாண்டிச்செல்வம் வேண்டாம் என்று சொல்லிப் பழக வேண்டும். "வேண்டாம் மொதலாளி, நான் மாத்திரை சாப்பிடுதேன்." திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். வேஷம் போட்டவர்கள் சிரித்தார்கள், கேலி செய்தார்கள், தோளில் கை போட்டு வற்புறுத்தினார்கள். எல்லோரும் அந்த வற்புறுத்தலை அனுபவித்தவர்கள், நன்றாகவே செய்தார்கள். வீடு திரும்பும் பஸ்ஸில் பாண்டிச்செல்வம் உதட்டுக்குள் அந்த வரியைச் சொல்லிக்கொண்டே வந்தான். மாரிக்கனி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவளுக்கு இப்போதெல்லாம் உட்கார்ந்தால் தூக்கம் வந்தது.

பூஜையன்று செட் புதுசாக இருந்தது. தறிகள் ஓடாததால் மனிதர்கள் பேசுவது கேட்டது. வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பாண்டிச்செல்வம் காலையிலேயே வந்து தன் தறிகளைத் தானே துடைத்துப் பொட்டு வைத்திருந்தான். மாரிக்கனி கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, கார்த்திகாவோடு பெண்கள் பக்கம் நின்றாள். அந்த இடத்தில் அவள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. தன் புருஷன் தறியில் கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். மில்லில் இருந்த காலத்து நிற்பு. நிமிர்ந்த தோள்.

சூடம் காட்டி முடிந்தது. முதலாளி பெரிய மனுஷர், கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொருவரிடமும் பிள்ளைகள் படிப்பை விசாரித்துக்கொண்டே பை கொடுத்தார். வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"பாண்டிச்செல்வம்."

போனான். பையை வாங்கினான். உள்ளே இருந்த பொட்டலத்தை எடுத்து மெதுவாகத் திரும்ப நீட்டினான். "வேண்டாம் மொதலாளி. நான் மாத்திரை சாப்பிடுதேன்."

ஒத்திகையில் சொன்னதைவிடத் தெளிவாகவே சொன்னான். ஆனால் ஒத்திகையில் யாரும் சாமியை இழுக்கவில்லை.

"சாமி முன்னால வச்சு எடுத்தது. வேண்டாங்கக் கூடாதுப்பா" என்றார் முதலாளி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

"ஏலே, ஒரு நாள்ல என்ன ஆயிரும்? கூட வேல பாக்குறவன்லாம் மனுஷன் இல்லையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வீட்டுல பெர்மிஷன் இல்ல போல" என்றது இன்னொன்று. சிரிப்பு. பாண்டிச்செல்வத்தின் நீட்டிய கை அப்படியே நின்றது. முதலாளி வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கை மெல்ல நடுங்க ஆரம்பித்ததைப் பெண்கள் பக்கத்திலிருந்து மாரிக்கனி பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றால் அவன் அந்தப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொள்வான். சிரிப்பை நிறுத்துவதற்காகவே போட்டுக்கொள்வான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மொக்கைச்சாமிக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல மனசோடுதான் தோன்றியது. பண்டிகை நாளில் ஒரு வேடிக்கை. பொட்டலத்தை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் வந்தார்.

"இந்தாத்தா ஜாமீன்காரி. ஒன் கையில குடுக்கேன். நீயே அளவா ஊத்திக் குடு. நாளைக்கழிச்சுக் காலையில நீதான மோந்து பாக்கப்போற."

அவள் கையை விரித்து அதில் வைத்துவிட்டார். செட்டே சிரித்தது. முதலாளிகூடப் புன்னகை செய்தார்.

செய்தித்தாளுக்குள் கண்ணாடி சில்லென்று இருந்தது. மாரிக்கனி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆஸ்பத்திரி, மாத்திரை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ், கேட்டில் நின்ற காலைகள். எல்லாம் நினைவில் ஓடி முடிந்தபோது அவளுக்கு அலுப்பு ஒன்றுதான் வந்தது. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மாலை போட்டிருந்த தறிக்கு அருகில் போய், சூடத் தட்டுக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்தாள்.

"இதுக்கு நான் ஜாமீன் நிக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றாள்.

"பண்டிக நாளும் அதுவுமா என்னம்மா இது" என்றார் முதலாளி.

"கோவிச்சுக்காதிய மொதலாளி. செட்டு தொறக்குற அன்னைக்கு, இன்னைக்குப் பை வாங்குன அம்புட்டுப் பேரையும் கேட்டுல வச்சு ஊதச் சொல்லுங்க. மேஸ்திரி அண்ணாச்சியையும் சேத்து. மோந்து பாக்க நான் வாரேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனந்தவல்லி தலைகுனிந்தாள். மொக்கைச்சாமியின் காது மடல் சிவந்தது. மாரிக்கனி மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே பாண்டிச்செல்வம் வந்தான், பொரிப் பையோடு. வீட்டுப் பக்கம் வந்ததும் கார்த்திகா பொரிப் பையை வாங்கிப் பிரித்து, முதல் பிடியை அப்பாவிடம் நீட்டினாள். கயிறு அவிழ்த்த நாளுக்குப் பிறகு அவள் அவனிடம் எதையும் நீட்டியதில்லை. அவன் வாங்கித் தின்றான்.

விஜயதசமி கழிந்து செட் திறந்தது. கேட்டில் மொக்கைச்சாமி ஸ்டூலில் இருந்தார். கண் சிவந்து, முகம் ஊதிப்போய். நாலடி தள்ளி நிற்கும்போதே நேற்றைய நெடி அடித்தது. பாண்டிச்செல்வத்தைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அவன் தறிகளுக்கு வேறு ஆள் போட்டாயிற்றாம். பூஜையில் கலாட்டா செய்தவனை வைத்துக்கொள்ள முதலாளிக்கு இஷ்டமில்லையாம்.

"நான் என்ன கலாட்டா பண்ணுனேன் அண்ணாச்சி?"

"ஒங்கிட்டப் பேச்சு இல்ல. தள்ளி நில்லு. அடுத்து யாரு?"

அடுத்து ஆனந்தவல்லி. சின்னக்கருப்பன் கால்மாற்றி நின்றான். பூஜைப் பொட்டலத்தோடு நிறுத்தாமல் அதற்குமேலும் போயிருந்தான் என்பது மோந்து பார்க்காமலே தெரிந்தது. அவன் ஊதினான். ஆனந்தவல்லி மூச்சை அடக்கிக்கொண்டு மாரிக்கனியை ஒரு கணம் பார்த்தாள். வீட்டில் அவளுக்குச் சின்னப் பிள்ளைகள்.

"நல்லாருக்காவ" என்றாள். அன்றைக்கு மொக்கைச்சாமி சத்தமாகச் சொல்லச் சொல்லவில்லை. சின்னக்கருப்பன் உள்ளே போனான்.

பாண்டிச்செல்வம் திரும்பி நடந்தான். மாரிக்கனி அவனோடு ஒன்றாகவே கொஞ்ச தூரம் வந்து, முக்கில் பிரிந்து தன் கோடவுனுக்குப் போனாள். அன்றைக்கும் தாமதம்தான். சங்கு ஊதி அடங்கியிருந்தது.

அவள் சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. வரும் வழியில் அது ஒழுங்கான உருவத்துக்கு மாறியிருந்தது. பாண்டிச்செல்வம் ஆயுத பூஜையில் குடித்துவிட்டுத் தகராறு செய்தானாம். முதலாளி விரட்டிவிட்டாராம். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி மாரிக்கனியின் தோளைத் தொட்டு, "திரும்ப ஆரம்பிச்சிட்டாவளாமே" என்று வருத்தத்தோடு கேட்டாள். இல்லை, அங்கே குடிக்காமல் இருந்தது அவர் ஒருத்தர்தான் என்று மாரிக்கனி சொன்னாள். அந்தப் பெண் இரக்கத்தோடு தலையாட்டினாள். புருஷனை விட்டுக்கொடுக்காத பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

வெயில் தாழ்ந்ததும் ஜெயபாண்டி வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தம்பி வீட்டு வாசலில் போட்டு உட்கார்ந்தார். கேன்டீன் பாட்டிலிலிருந்து வழக்கமான அளவை டம்ளரில் ஊற்றி, பக்கத்துக் குட்டைச்சுவர் மேல் வைத்தார். அவருடையது குடி என்று யாரும் சொல்வதில்லை. ராணுவத்தில் இருந்தவர், நேரத்துக்கு, அளவாக, தன் காசில். பிறகு தெருவுக்குக் கேட்கும் குரலில் ஆரம்பித்தார்.

"நான் போய் நின்னு, என் மூஞ்சிக்காகக் குடுத்த வேல. குடிகாரப் பயலுக்குச் சிபாரிசு பண்ணுனேன் பாரு, என்னச் சொல்லணும். ரத்தத்துல ஊறுனது எங்கிட்டுப் போகும்? அம்புட்டுப் பேரு முன்னால ஆம்பளையப் பேசவிடாமப் பொம்பள பேசுனா எவன் வேல குடுப்பான்? வீடு சரியா இருந்தா இவன் ஏன் குடிக்கப் போறான்?"

உள்ளே முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த மாரிக்கனி நிமிரவில்லை. பாண்டிச்செல்வம் கதவு நிலையில் சாய்ந்திருந்தான். எதிர்த்த வீட்டில் இரண்டு பேர் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"ஏலே பாண்டி" என்றார் ஜெயபாண்டி, டம்ளரைக் கையில் எடுத்து. "செம்புல தண்ணி கொண்டா."

சின்ன வயசிலிருந்தே அது தம்பியின் வேலை. அண்ணன் லீவில் வந்த நாட்களில் அவருக்குத் தண்ணீர் கலந்து கொடுத்துத்தான் பாண்டிச்செல்வத்துக்கு அந்த வாசனையே பழக்கமாயிற்று. அவன் உள்ளே போனான். வெளியே வரும்போது சட்டை போட்டிருந்தான். கையில் செம்பு இல்லை. ஸ்பேனர் பை இருந்தது.

"மம்சாபுரத்துல ஒரு மாவு மில்லுல மோட்டார் தகராறாம். மாடிக்கு வார ஒருத்தரு சொன்னாரு. பாத்துட்டு வாரேன்" என்று மாரிக்கனியைப் பார்த்துச் சொன்னான். வேலை கிடைக்கும் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "நேரத்தோட வந்துருங்க" என்றாள்.

"தண்ணி கேட்டேன்லா" என்றார் ஜெயபாண்டி.

"பஸ்ஸு போயிரும்ணே."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். எதிர்த்த வீட்டுக்காரர்கள் அவன் நடையைக் கவனமாகப் பார்த்தார்கள். நேராகத்தான் இருந்தது.

ஜெயபாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "இந்தா மாரிக்கனி. நீயாவது எடு."

"கை வேலையா இருக்கு அத்தான்."

அவள் கீரையை உருவிக்கொண்டேயிருந்தாள். பெரியவர் கேட்டால் எழுந்திருக்கப் பழகிய கார்த்திகா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். மாரிக்கனி தலையை நிமிர்த்தாமலே, "நீ படி" என்றாள். அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

ஜெயபாண்டி காத்திருந்தார். டம்ளரில் ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. தெருவில் போகிறவர்கள் அவரைப் பார்த்தார்கள், டம்ளரைப் பார்த்தார்கள், போனார்கள். தண்ணீர்க் குடம் நாற்காலிக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. எழுந்து போய் எடுத்துக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லை.